ஆணியில்லா இழுப்பறை: மெல்லிய ஒட்டுப்பலகையும் விரற்பூட்டும்

பட்டு வைக்கும் இழுப்பறையில் இரும்பாணிக்கு இடமிருத்தலாகாது. இதை நெசவாளர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பலகையின் உட்புறம் ஆணிமுனை ஒரு மயிரிழை எட்டிப் பார்த்தாலும் போதும்; சேலையை உருவும்போது இழை சிக்கி இழுபடும். இழுபட்ட ஊடையை எத்துணை நீவினும் அது தன் இடத்திற்கு முற்றிலும் திரும்புவதில்லை. மழைக்காலத்து ஈரத்தில் ஆணி துருப்பிடித்தாலோ மடிப்பின் ஓரத்தில் பழுப்புக் கறை விழும். பல நாள் தறிக்குழியில் அமர்ந்து நெய்த சேலை, சங்கத்தின் தர ஆய்வு மேசைக்குச் சென்றபின் இக்கறை ஒன்றினாலேயே விலை குறைந்து போவதுண்டு. பாவு, சாயம், சரிகை, கைத்திறன் யாவும் குற்றமற்றிருக்க, நெய்தபின் வைத்த பெட்டியால் நேரும் நட்டத்தை நெசவின் குறையென்று எவரும் சொல்லமாட்டார். ஆயினும் அதைத் தாங்குபவர் நெசவாளரே.

தேசூரிலும் ஆரணியைச் சூழ்ந்த ஏனைய நெசவூர்களிலும் வீட்டின் நல்ல பகுதியைத் தறி எடுத்துக்கொள்கிறது. மிஞ்சிய இடத்தில் தார்க்குச்சிகள், பட்டுக் கண்டுகள், சரிகை, மாற்று விழுது, சங்கத்துப் பற்றுச்சீட்டு, நெய்து முடித்த சேலை ஆகிய அனைத்தும் தங்க வேண்டும். அலமாரி செய்யச் சொன்னால் தச்சர் தேக்கிலோ வேம்பிலோ முக்கால் அங்குலப் பலகை கொண்டு இழுப்பறை செய்து தருவார். உறுதியில் அதற்குக் குறை கிடையாது. ஆனால் அதன் கனமும் உறுதிக்கு ஏற்றபடியே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அது பெருத்து இறுகிக்கொள்ளும். இருவர் கூடி இழுத்தால் ஒரேயடியாக வெளிவந்து உள்ளிருப்பது தரையில் சிதறும்.

இவ்விரு குறைகளுக்கும் மாற்றாக, மெல்லிய ஒட்டுப்பலகையில் ஆணியே இன்றி விரற்பூட்டினால் இணைத்த இழுப்பறையைச் சொல்லலாம். ஆரணிப் பட்டு எடை குறைந்ததென்று பெயர் பெற்றது. அதை வைக்கும் பெட்டியும் எடை குறைந்ததாக இருப்பதில் பொருத்தம் உண்டு.

எடைக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். அகலம் 438 மில்லிமீட்டர், ஆழம் 400 மில்லிமீட்டர், உயரம் 102 மில்லிமீட்டர் உள்ள ஓர் இழுப்பறையை எடுத்துக்கொள்க. நன்கு மடித்த பட்டுச் சேலைகள் தாராளமாகப் படுத்திருக்கும் அளவு இது. நான்கு பக்கமும் 19 மில்லிமீட்டர் தேக்கு, அடியில் 12 மில்லிமீட்டர்ப் பலகை என்று செய்தால் வெற்று இழுப்பறையே ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையாகும். பக்கங்களுக்கு 6 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையும் அடிக்கு 4 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையும் இட்டால் ஒரு கிலோவுக்குச் சற்றே மிகும். ஐந்து அறை உள்ள அலமாரியில் பதினேழரைக் கிலோ எங்கே, ஐந்தேகால் கிலோ எங்கே! உள் அகலத்திலும் ஓர் அங்குலம் ஆதாயம். இரு பக்கப் பலகைகளின் தடிப்பு குறைவதால் அந்த இடம் நமக்கு மிஞ்சுகிறது.

மெலிந்த பலகை பாரந் தாங்குமோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. இங்கே நெசவாளர்க்கு விடை எளிதில் விளங்கும். ஒட்டுப்பலகை என்பது மரத்தில் நெய்த துணியே எனலாம். மரத்தண்டைச் சுழலவைத்து, நீண்ட கத்தியால் தாள் உரிப்பதுபோல் மென்தகடுகளாகச் சீவி எடுக்கிறார்கள். அத்தகடுகளில் ஒன்றின் நார் நெடுக்காகவும் அடுத்ததன் நார் குறுக்காகவும் மாறிமாறி வருமாறு அடுக்கிப் பசையிட்டுச் சூட்டோடு அழுத்துகிறார்கள். நெடுக்கு நார் பாவு, குறுக்கு நார் ஊடை. பாவு மட்டும் உள்ள இழைகளைக் கையால் பிரித்துவிடலாம். ஊடை சேர்ந்தபின் பிரிப்பது அரிது. அவ்வாறே, தனிமரம் நாரின் வழியே பிளக்கும். ஒட்டுப்பலகை எவ்வழியும் எளிதில் பிளவாது. ஈரத்தில் மரம் பெருப்பது நாருக்குக் குறுக்கான திசையில்தான். நாரின் நீளவாக்கில் அது பெருப்பது மிகமிகக் குறைவு. ஒட்டுப்பலகையில் ஒரு தகட்டின் பெருக்கத்தை அடுத்த தகட்டின் நார் பிடித்து நிறுத்துவதால் நீள அகலங்கள் பெரிதும் மாறுவதில்லை. தனிமரப் பக்கம் 10 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் பெருத்தாலே இழுப்பறை இறுகிவிடும் என்பதை எண்ணினால் இதன் அருமை புலப்படும்.

இது புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடலாகாது. எகிப்தில் சக்காராவின் படிப் பிரமிடில் ஆறு தகடுகளை நார் மாற்றி அடுக்கிச் செய்த சவப்பெட்டியின் பகுதி கிடைத்திருக்கிறது. அதன் காலம் இன்றைக்குச் சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன். இயந்திரத்தில் தகடு சீவி மலிவாக விற்கும் தொழில் மட்டும் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானமாகிய 'மாஸ்கிட்டோ' பெரும்பகுதி மரத்தாலும் ஒட்டுப்பலகையாலும் ஆகியது. அது முதன்முதல் பறந்த ஆண்டு 1940. ஆகாயத்தில் பறக்கும் பொறிக்கு உதவிய பலகை, சேலை வைக்க உதவாதோ!

தேயிலைப் பெட்டியின் வழி வந்த பலகை

நம் நாட்டிற்கு ஒட்டுப்பலகையை அறிமுகம் செய்தது தேயிலை. தேயிலைக்கு ஈரம் ஆகாது. கப்பலில் ஏற்ற எடையும் மிகலாகாது. ஆதலின் மெல்லிய ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து, உள்ளே ஈயத்தாளோ அலுமினியத்தாளோ விரித்து, விளிம்புகளில் தகரப் பட்டை அடித்து அனுப்பினார்கள். முதலில் பெட்டிகளே வெளிநாட்டிலிருந்து வந்தன. முதல் உலகப் போரின் இறுதியை ஒட்டி அசாமில் ஒட்டுப்பலகைத் தொழில் தொடங்கிற்று. இலங்கையில், இரண்டாம் உலகப் போரால் இறக்குமதி தடைப்பட்ட காலத்தில், காலிக்கு அருகே கிந்தோட்டையில் அரசினர் ஆலை எழுந்தது. அதன் முதல் நோக்கமும் தேயிலைப் பெட்டியே. மலையாளக் கரையில் கண்ணூரை அடுத்த வளபட்டணத்தில் வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ் 1945இல் தோன்றியது. இத்தொழிலுக்கென ஆராய்ச்சி நிலையம் ஒன்று பெங்களூரில் 1962இல் நிறுவப்பெற்றது.

மலைத் தோட்டங்களிலிருந்து ஊர் திரும்பியவர்கள் தம் உடைமைகளைப் போட்டுக் கொண்டுவந்த காலித் தேயிலைப் பெட்டிகள் தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் நெடுங்காலம் அரிசியும் துணியும் சுமந்தன. அப்பெட்டிகளின் பலகை முழுதாயிருக்க, மூலைத் தகரமும் ஆணியுமே முதலில் கெட்டதைப் பார்த்தவர் பலர் இருப்பர். பலகையினும் மூலையே நலிவது என்னும் உண்மையை அப்பெட்டி நமக்குக் காட்டிற்று. பின்னாளில் தாள் சாக்குகள் வந்து அந்தப் பெட்டிகளை வழக்கிலிருந்து நீக்கின.

வேளாண் உறுப்பினர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளைப் பற்றி எழுந்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 12இல் பிறப்பித்த ஆணை, நாடெங்கும் காட்டு மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்திற்று. வடகிழக்கில் பல ஒட்டுப்பலகை ஆலைகள் மூடப்பட்டன. அதன்பின் இத்தொழில் பெரும்பாலும் உழவர் நிலத்து மரங்களை நம்பியதாயிற்று. அரியானாவின் யமுனாநகரில் பாப்ளரும் தைலமரமும், கேரளத்துப் பெரும்பாவூரில் ரப்பர் மரமும் பலகையாயின. தமிழ்நாட்டில் மலைவேம்பு இதற்கு ஏற்றதெனக் கண்டு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியார் அதைப் பரப்பினர். நீரும் பராமரிப்பும் வாய்த்த நிலத்தில் ஆறேழு ஆண்டுகளில் தகடு சீவும் பருமனை மலைவேம்பு எட்டுகிறது. வரப்போரத்தில் நடுவோர், கன்று வாங்குமுன் ஆலை எது, கொள்முதல் எடைக்கா பருமனுக்கா, வெட்டுகூலி யாருடையது என்னும் மூன்றையும் எழுத்தில் பெறுவது நலம். தனித்தனியே பத்து மரம் வைத்திருப்போர் ஒன்றுகூடி ஒரு வண்டிப் பாரம் சேர்த்தாலன்றி நல்ல விலை கிட்டுவது கடினம்.

மூலையை இணைப்பது எவ்வாறு

இனி, மூலைக்கு வருவோம். கால் அங்குலத் தடிப்புள்ள பலகையின் விளிம்பில் ஆணி அடித்தால் தகடுகள் விரிந்து பிளவு காணும். திருகாணியும் அவ்வாறே. வெறும் பசையிட்டு விளிம்போடு முகத்தைச் சேர்த்தால் சில நாள் நிற்கும். கைப்பிடியைப் பற்றி இழுக்கும் ஒவ்வொரு தடவையும் முன்பலகை பக்கப் பலகையிலிருந்து பிரிந்துவிட முயல்வதால் ஒருநாள் கையோடு வந்துவிடும். பழந்தச்சர் புறாவின் வால்போல் விரிந்த பூட்டு வெட்டுவர். தனிமரத்தில் அதற்கு நிகர் இல்லை. மெல்லிய ஒட்டுப்பலகையில் அச்சரிவான வெட்டு குறுக்குத் தகடுகளைப் பெயர்த்துவிடும். பாடு மிகுதி, பயன் குறைவு.

விரற்பூட்டு என்பது இரு கை விரல்களையும் கோத்துக்கொள்வது போன்றது. ஒரு பலகையின் முனையில் ஒரே அகலத்தில் விரலும் இடைவெளியுமாக வெட்டி, மற்றதன் முனையில் அதற்கு மாறாக இடைவெளியும் விரலுமாக வெட்டி, ஒன்றினுள் ஒன்றைச் செலுத்திப் பசையிடுவது. கோர்வைச் சேலை நெய்தவர்க்கு இது புதிதன்று. கரையின் ஊடையும் உடலின் ஊடையும் எல்லையிலே ஒன்றையொன்று கோத்துக்கொள்வதால்தான் வேறுவேறு நிறத்து இரு பகுதிகள் ஒரே துணியாக நிற்கின்றன. கோக்காமல் பக்கம் பக்கமாக விட்டால் அங்கே நெடுக ஒரு கீறலே மிஞ்சும்.

இதன் வலிமை குறித்துச் சிலர் மிகைப்படப் பேசுவதுண்டு. கணக்கு இதோ. 102 மில்லிமீட்டர் உயரத்தில் 6 மில்லிமீட்டர் அகல விரலும் இடைவெளியுமாகப் பதினேழு இடங்கள் அமையும். வெறும் விளிம்பு இணைப்பில் பசை பற்றும் பரப்பு 612 சதுர மில்லிமீட்டர். விரற்பூட்டில் அப்பரப்போடு விரல்களின் பக்கங்கள் ஒன்றையொன்று தொடும் பதினாறு முகங்கள் சேர்கின்றன. ஒவ்வொன்றும் 36, மொத்தம் 576. ஆகப் பரப்பு ஏறக்குறைய இருமடங்கு. பத்து மடங்கு என்று சொல்வதெல்லாம் கணக்கறியாதார் கூற்று. ஆனால் கூடுதலாகச் சேர்ந்த 576தான் உயிரானது. முன்பலகையை இழுக்கும் விசை அம்முகங்களில் பசையை உரித்தெடுக்க முயல்வதில்லை. வழுக்கி நகர்த்தவே முயல்கிறது. பசைக்கு உரிப்பைவிட வழுக்கலைத் தாங்கும் வலிமை பன்மடங்கு. மேலும், மேலோ கீழோ அசையாதபடி விரல்களே தடுக்கின்றன.

விரலின் அகலம் எவ்வளவு இருக்கலாம்? பலகையின் தடிப்பும் விரலின் அகலமும் ஒன்றாக இருப்பதே மெல்லிய பலகைக்கு நல்லது என்பது என் முடிவு. அதனினும் குறுக்கினால் பசைப்பரப்பு கூடும். விரல்கள் முறியவும் செய்யும். அகட்டினால் வெட்டுவது எளிது, பிடிப்புக் குறையும். தச்சர் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு 'நூல்'. ஆக இது இரண்டு நூல் விரல் எனலாம். நூல் எண்ணிப் பழகிய நமக்கு அந்தச் சொல்லும் உறவுதான்.

பலகை தேர்ந்தெடுத்தல்

கடையில் 6 மில்லிமீட்டர் என்று கேட்டால் மூன்று தகட்டுப் பலகையும் ஐந்து தகட்டுப் பலகையும் காட்டுவார்கள். ஐந்து தகடு உள்ளதையே கொள்க. மூன்று தகட்டில் நடுத்தகடு தடித்திருக்கும். விரலின் வலிமை அந்த ஒன்றையே சார்ந்துவிடும். விளிம்பைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தால் உள்ளே இடைவெளி உண்டா என்பது தெரியும். இடைவெளி உள்ள இடத்தில் விரல் விழுந்தால் அது பொக்கைப் பல். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன் ஒட்டுப்பலகைக்கு உரியது. அதில் கொதிநீர் தாங்கும் வகையும் ஈரம் மட்டும் தாங்கும் வகையும் உண்டு. நம் பக்கத்து மழையை எண்ணி முதல் வகையையே வாங்குவது சிக்கனம். முத்திரையில் ஐயம் இருந்தால் ஒரு துண்டை வீட்டில் கொதிநீரில் போட்டுச் சில மணிநேரம் விட்டுப் பார்த்தாலே மட்டமான பசை தன்னைக் காட்டிக்கொள்ளும்.

ஆறு மில்லிமீட்டர் என்று எழுதியது சரியாக ஆறாக இருப்பதில்லை. சற்றுக் குறைவாகவே இருக்கும். அளந்து கொண்ட தடிப்பே இடைவெளியின் ஆழமாதல் வேண்டும்.

எட்டடிக்கு நாலடிப் பலகை 2,440 மில்லிமீட்டர் நீளமும் 1,220 மில்லிமீட்டர் அகலமும் உடையது. மேல்தகட்டின் நார் வழக்கமாக நீளவாக்கில் ஓடும். 102 மில்லிமீட்டர் அகலத்தில் நீளவாக்கில் பதினொரு பட்டைகள் எடுத்தால், அறுப்பில் போகும் துகளைக் கழித்தும் இடமிருக்கிறது. ஆறு பட்டைகளில் 438 மில்லிமீட்டர்த் துண்டுகள் ஐந்தைந்து, ஐந்து பட்டைகளில் 400 மில்லிமீட்டர்த் துண்டுகள் ஆறாறு. இரண்டிலும் முப்பது முப்பது. அதாவது ஒரே பலகையில் பதினைந்து இழுப்பறைகளின் பக்கங்கள். அடிப்பலகைக்கு 4 மில்லிமீட்டர்ப் பலகை ஒன்றில் 450க்கு 400 அளவில் நீளத்தில் ஐந்து, அகலத்தில் மூன்று, அதுவும் பதினைந்தே. இவ்வாறு அறுத்தால் பக்கத் துண்டுகள் எல்லாவற்றிலும் மேல்நார் விரலின் நீளத்தில் அமைகிறது என்பது இதன் சிறப்பு. நார் விரலுக்குக் குறுக்கே அமைந்தால் மேல்தகடு சிலாம்பு சிலாம்பாகப் பெயரும்.

ஒரு குடும்பத்திற்கு மூன்று இழுப்பறை போதுமானால் ஐந்து குடும்பங்களுக்கு இரண்டு பலகைகள் போதும். தனியொருவர் வாங்கினால் ஐந்தில் நான்கு பங்கு சுவரோரம் சாய்ந்திருந்து கரையானுக்கு விருந்தாகும். கூடி வாங்கி, ஒரே நாளில் ஒரே தச்சரிடம் அறுப்பிப்பதில் கூலியும் மிச்சம், அளவும் ஒன்றாயிருக்கும். ஒரு வீட்டு இழுப்பறை மற்றொரு வீட்டு அலமாரியிலும் பொருந்தும்.

வெட்டும் முறை

வட்டரம்ப மேசை உள்ள பட்டறையில் வேலை விரைவாகும். குறுக்கே தள்ளும் சட்டத்தில் ஒரு வழிகாட்டுக் கட்டை பொருத்தி, அதில் 6 மில்லிமீட்டர் இடைவெளி ஒன்று வெட்டி, அந்த இடைவெளிக்கு அப்பால் சரியாக 6 மில்லிமீட்டர் தள்ளி அதே பருமனுள்ள சிறு மரமுளை ஒன்றைப் பதிக்க வேண்டும். பலகையின் ஓரத்தை முளையோடு அணைத்து முதல் இடைவெளியை வெட்டுக. வெட்டிய இடைவெளியை முளைமேல் ஏற்றி அடுத்ததை வெட்டுக. இவ்வாறே இறுதிவரை. சாதாரண வட்டரம்பத்தின் அறுப்பு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆதலின் ஓர் இடைவெளிக்கு இரண்டு அறுப்பு வேண்டியிருக்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. முளை இருக்கும் தூரம் மயிரளவு பிசகினால் அப்பிசகு விரலுக்கு விரல் கூடிக்கொண்டே போகும் என்று அஞ்சத் தோன்றும். ஆனால் இரண்டு பலகைகளையும் அதே கட்டையில் வெட்டுவதால் பிசகு இரண்டிலும் ஒரே அளவில் விழுகிறது; விரல்கள் வரிசை தவறுவதில்லை. தறியில் அச்சின் பல் எப்படியோ அப்படியே துணி முழுதும் அமைவது போன்றது இது. விரலின் அகலம் இடைவெளியைவிட மிகுந்ததா, குறைந்ததா என்பதே பார்க்க வேண்டியது. மிகுந்தால் எல்லா விரல்களும் ஒருசேர இறுகும். முளையை ரம்பத்திற்கு மிகச் சிறிது நெருக்குக. குறைந்தால் எல்லாம் ஒருசேரத் தளரும், சிறிது விலக்குக. கழிவுத் துண்டில் இரண்டு மூன்று தடவை சோதித்து, கையால் அழுத்தினால் நுழைந்து, கவிழ்த்தால் விழாத பதம் வந்தபின் நல்ல பலகையைத் தொடுக. கொட்டாப்புளியால் ஓங்கி அடித்து நுழைக்கும் பூட்டில் பசை தங்காது. வழிந்து வெளியே வந்துவிடும்.

கையால் வெட்டுவோர் நான்கு பலகைகளையும் ஒன்றாக அடுக்கி, முன்பின் பலகைகளை மட்டும் ஒரு விரலகலம் பக்கவாட்டில் தள்ளி இறுக்கிக் கட்டி, மெல்லிய பல்லுள்ள சிறுவாளால் ஒரே மூச்சில் அறுக்கலாம். அப்போதும் எல்லாப் பிசகும் நான்கிலும் ஒன்றாகவே விழும். இடையிலுள்ள துண்டை வளைவு வாளால் நீக்கி, கூரிய உளியால் இருபுறமிருந்தும் நடுநோக்கிச் சீவுக. ஒருபுறமிருந்தே உளியைச் செலுத்தினால் மறுபுறத் தகடு பிய்யும். கோட்டின்மேல் முன்னரே கத்தியால் அழுத்தி ஒரு கீறல் இடுவதும், அறுக்கும்போது பின்னால் ஒரு கழிவுப் பலகையை அணைத்து வைப்பதும் இதே காரணத்திற்காக.

பக்கப் பலகையில் ஒன்பது விரலும் எட்டு இடைவெளியும், முன்பலகையில் எட்டு விரலும் ஒன்பது இடைவெளியும் அமைய வேண்டும். ஒற்றைப்படை எண்ணின் பயன் இதுவே. மேலும் கீழும் ஒரே தோற்றமாயிருக்கும்.

பசையும் அடிப்பலகையும்

முற்காலத்தில் தச்சர் வச்சிரம் காய்ச்சிச் சூட்டோடு தடவுவர். 1959இல் பெவிகால் வந்தபின் வெண்பசையே பெருவழக்காயிற்று. விரல்களின் பக்கங்களில் மெல்லிய தூரிகையால் சிக்கனமாகத் தடவிச் செலுத்தி, கயிற்றாலோ இறுக்கியாலோ சுற்றிப் பிணித்து, உலருமுன் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்து பார்க்க வேண்டும். நம் அளவுக்கு இரண்டு குறுக்களவும் ஒன்றாக, 593 மில்லிமீட்டர் அளவில் வருதல் வேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் நீண்ட மூலைகளை மெல்ல அழுத்தினால் சதுரப்படும். பசை உலர்ந்தபின் செய்யக்கூடியது எதுவுமில்லை. ஆதலின் இவ்வொரு நிமிடத்தைக் கஞ்சத்தனமின்றிச் செலவிடுக.

அடிப்பலகையைப் பலர் பக்கப் பலகையில் பள்ளம் கீறிச் செருகுவர். 6 மில்லிமீட்டர்ப் பலகையில் பள்ளம் போட்டால் பாதித் தடிப்பு போய்விடும். மூலையில் ஓட்டையும் தெரியும். அதைவிட, நான்கு பக்கச் சட்டத்தின் அடியில் அடிப்பலகையை முழுதுமாக ஒட்டி, இடவலப் புறங்களில் 6 மில்லிமீட்டர் வெளியே நீட்டி விடுவது மேல். அந்த நீட்டமே, அலமாரியின் பக்கச் சுவரில் வெட்டிய பள்ளத்தில் ஓடும் தண்டவாளமாகிறது. தனியே ஓட்டுக் கட்டை, திருகாணி எதுவும் வேண்டா. 450 மில்லிமீட்டர் அகலமுள்ள அடிப்பலகைக்கு அலமாரியின் உள் இடைவெளி 440, பள்ளத்தின் ஆழம் பக்கத்திற்கு 6, பள்ளத்தின் உயரம் 5 மில்லிமீட்டர் போதும். சேலையின் பாரம் நேரே அடிப்பலகை வழியாகப் பள்ளத்தில் இறங்குவதால் ஒட்டிய இடத்திற்கு அதிகச் சுமை வருவதில்லை. அடிப்பலகையில் மேல்நார் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். இங்கே 3 மில்லிமீட்டரை வைத்துச் சிக்கனம் தேடுவது தவறு. பலகையின் விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் வளர்கிறது. மூன்றிலிருந்து நான்குக்குப் போனால் விறைப்பு இருமடங்கினும் மிகும், விலையோ அவ்வளவு கூடுவதில்லை. பத்துச் சேலை வைத்தாலும் நான்கு மில்லிமீட்டர்ப் பலகை நடுவில் தொய்வது கண்ணுக்குப் புலப்படாது. விதை நெல்லோ மணிலாக் கொட்டையோ வைக்கக் கருதும் உறுப்பினர்கள் அடியின் நடுவே ஒரு குறுக்குச் சட்டம் ஒட்டிக்கொள்க. தானியம் சேலையைவிடக் கனமானது.

கைப்பிடியும் ஆணியின்றி அமையலாம். முன்பலகையின் மேல்விளிம்பில் நான்கு விரல் நுழையும் அளவு பிறைபோல் வெட்டி, உப்புத்தாளால் வழவழப்பாக்கினால் போதும். உட்புறம் முழுவதும் உப்புத்தாள் இட்டபின் பழைய பட்டுத் துணுக்கொன்றை விரலில் சுற்றி எல்லா மூலைகளிலும் ஓட்டிப் பார்க்க. எங்கே துணுக்கு பற்றுகிறதோ அங்கே இன்னும் தேய்க்க வேண்டும். இதைவிடத் தகுந்த சோதனை இல்லை.

பட்டு வைக்குமுன்

புதிய ஒட்டுப்பலகையில் பிசினின் ஆவி சிலகாலம் வெளிவந்துகொண்டே இருக்கும். மூக்கில் ஏறும் நெடியால் இதை அறியலாம். அதை மூடிய அலமாரியில் உடனே இட்டுச் சரிகைச் சேலை வைப்பது முறையன்று. முடிந்த இழுப்பறைகளைச் சில வாரங்கள் காற்றோட்டமான நிழலில் திறந்து வைக்க வேண்டும். அதன்பின்னும் பட்டை வெறும் பலகைமேல் படுக்கவிடாது, கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியை இரட்டையாக விரித்து, சேலையையும் அத்தகைய துணியில் சுற்றி வைப்பதே நன்று. அரும்பொருட் காட்சியகங்களில் பழந்துணிகளைப் பேணுவோரும் மரத்தில் துணி நேரே படாதவாறு இடையே தடுப்பு இடுவர். பூச்சி உருண்டைகளைச் சரிகையின்மேல் போடலாகாது. துணியில் முடிந்து ஒரு மூலையில் வைக்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றவேண்டும் என்பது நம் வீட்டுப் பெண்டிர் அறிந்ததே. இழுப்பறை இலேசாயிருந்தால் அவ்வேலை தள்ளிப்போகாது.

ஒட்டுப்பலகை கரையானுக்கு அஞ்சாது என்று விற்போர் கூறினால் நம்பற்க. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, கால்களைக் கல்மேல் நிறுத்துக. ஓடும் பள்ளத்தில் எண்ணெய் இடவேண்டா. எண்ணெய் பரவித் துணிக்கு ஏறும். மெழுகுவத்தித் துண்டொன்றை அடிப்பலகையின் இரு நீட்டங்களிலும் மும்முறை தேய்த்துவிட்டால் ஓராண்டு ஓடும். மறு ஆண்டு மழை தொடங்குமுன் மீண்டும் ஒருமுறை தேய்த்துக்கொள்ளலாம்.